பரேசியா: கிரேக்கர்களின் 'எல்லாம் சொல்லிவிடும்' பேச்சு

பைபிள் விளக்க உரைகளில் 'பரேசியா' என்ற கிரேக்கச் சொல் வந்தால் 'தைரியம்' என்று பொருள் சொல்கிறார்கள். தத்துவ வகுப்பில் அதே சொல் வந்தால் 'அதிகாரத்தின் முன் அஞ்சாமல் உண்மை பேசுதல்' என்கிறார்கள். கூடவே பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷல் ஃபூக்கோவின் பெயரும் வரும். கருத்துச் சுதந்திரம் பற்றிய விவாதங்களில் அது 'பேச்சுரிமை' ஆகிவிடுகிறது. மூன்றையும் படித்தவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். தைரியம் என்பது குணம், உண்மை பேசுவது செயல், உரிமை என்பது ஊரும் சட்டமும் கொடுப்பது. ஒரே சொல் எப்படி மூன்றாகவும் இருக்கும்?

பல நூற்றாண்டுகளில் அந்தச் சொல் இடம் மாறிக்கொண்டே வந்ததுதான் காரணம். பேசுபவரை மட்டும் பார்த்தால் அதன் பொருள் பிடிபடாது. எதிரே உட்கார்ந்து கேட்பவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். ஊர்ச் சபை, அரசன், நண்பன், கடவுள் என்று கேட்பவர் மாறியபோதெல்லாம் பரேசியாவின் பொருளும் மாறியிருக்கிறது.

சொல்லும் அதன் முதல் தடங்களும்

'பான்' என்றால் எல்லாம். 'ரேசிஸ்' என்றால் பேச்சு. இரண்டும் சேர்ந்து 'எல்லாவற்றையும் சொல்லுதல்'. இந்தக் கூட்டுச் சொல்லில் உண்மையும் இல்லை, தைரியமும் இல்லை. மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்வதும் பரேசியாதான், வாய்க்கு வந்ததைக் கொட்டுவதும் பரேசியாதான். பழைய கிரேக்க எழுத்தில் இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் இச்சொல் முதலில் அழுத்தமாகத் தலைகாட்டுவது ஏதென்ஸ் நாடகக் கவிஞர் யூரிப்பிடிஸின் நாடகங்களில். கி.மு. 428-இல் அரங்கேறிய 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தில் பைத்ரா என்ற அரசி தன் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறாள். அவர்கள் ஏதென்ஸில் சுதந்திர மனிதராக, பரேசியாவோடு, தாயின் பெயர் கெடாமல் வாழ வேண்டும் என்பது அவள் ஆசை. தாயோ தந்தையோ செய்த பழி தெரிந்துவிட்டால், எவ்வளவு துணிந்த நெஞ்சுக்காரனும் அடிமைபோல் ஆகிவிடுவான் என்கிறாள். இந்த ஒரு வரி போதும், பரேசியா வெறும் துணிச்சல் இல்லை என்று காட்ட. துணிச்சல் இருக்கிறது, ஆனால் ஊரில் தலைநிமிர்ந்து பேசும் நிலை போய்விட்டது.

'அயோன்' நாடகத்தில் இது இன்னும் வெளிப்படை. தன் தாய் யாரென்று தெரியாத இளைஞன், அவள் ஏதென்ஸ் பெண்ணாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். அப்படி இருந்தால்தான் தாய்வழியில் தனக்குப் பரேசியா வரும். வெளியூரான் பெயரளவில் குடிமகன் ஆனாலும் அவன் வாய் அடிமையின் வாய்தான் என்பது அவன் வாதம். இது கவிஞரின் கற்பனைக் கவலை என்று தள்ளிவிட முடியாது. கி.மு. 451-இல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடியுரிமை.

'பினீசியப் பெண்கள்' நாடகத்தில் யொகாஸ்டா, நாடுகடத்தப்பட்ட மகன் பாலினைசிஸிடம், நாடிழந்தவனுக்கு எது பெரிய துன்பம் என்று கேட்கிறாள். பரேசியா இல்லாததுதான் என்கிறான். நினைத்ததைச் சொல்ல முடியாதது அடிமையின் நிலை என்கிறாள் அவள். ஆமாம், ஆள்பவரின் முட்டாள்தனத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறான் அவன்.

சபையின் முன்னால்

ஏதென்ஸ் ஜனநாயகத்தில் பேச்சைக் குறிக்க இரண்டு சொற்கள் இருந்தன. இவற்றைக் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. இசெகோரியா: சமமாகப் பேசும் வாய்ப்பு. நீக்ஸ் குன்றில் மக்கள் சபை கூடும்போது, 'பேச விரும்புபவர் யார்?' என்று கட்டியக்காரன் கூவுவான். எந்தக் குடிமகனும் மேடை ஏறலாம். அந்த வாய்ப்புக்குப் பெயர் இசெகோரியா.

2. பரேசியா: மேடை ஏறியவன் என்ன செய்கிறான் என்பது. கூட்டத்துக்குப் பிடித்ததைப் பேசுகிறானா, நினைப்பதைப் பேசுகிறானா?

முதலாவதை விதியால் உறுதிசெய்யலாம். இரண்டாவதை அப்படிச் செய்ய முடியாது. இன்றைய அரசியல் சட்டங்களில் இருப்பது போன்ற பேச்சுரிமைப் பிரிவு ஏதென்ஸில் கிடையாது. பரேசியா ஒரு வழக்கமாக, ஊரின் பெருமையாக இருந்தது. ஸ்பார்ட்டாவில் இருந்துகொண்டு ஏதென்ஸின் ஆட்சிமுறையைப் புகழ முடியாது, ஏதென்ஸிலோ யாரும் யார் ஆட்சிமுறையையும் புகழலாம் என்று டெமாஸ்தெனிஸ் என்ற ஏதென்ஸ் மேடைப் பேச்சாளர் ஓர் உரையில் சொல்லிக்காட்டுகிறார்.

அந்தப் பெருமைக்கும் எல்லை இருந்தது. 'கேடயத்தை எறிந்துவிட்டு ஓடியவன்', 'பெற்றவரை அடித்தவன்', 'கொலைகாரன்' என்று ஒருவனைச் சொல்லி, அதை நிரூபிக்க முடியாவிட்டால் 500 டிராக்மா அபராதம். கைத்தொழிலாளியின் நாள்கூலி ஏறக்குறைய ஒரு டிராக்மாவாக இருந்த ஊர் அது. சட்டத்துக்கு முரணான தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தவன்மீது யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். அப்படி மூன்று முறை தண்டிக்கப்பட்டால் குடியுரிமையே பறிபோகும். பெண்கள், அடிமைகள், குடியேறிய வெளியூரார் ஆகியோருக்குச் சபையில் இடமே இல்லை.

சரி, குடிமக்களாவது தாராளமாகப் பேசினார்களா? கி.மு. 355 வாக்கில் எழுதிய உரையில் இசாக்ரட்டீஸ் என்ற ஏதென்ஸ் எழுத்தாளர் புலம்புகிறார்: இது ஜனநாயகம்தான், ஆனால் பரேசியா இல்லை; சபையில் பொறுப்பில்லாமல் பேசுபவர்களுக்கும் நாடகக் கொட்டகையில் நகைச்சுவைக் கவிஞர்களுக்கும் மட்டும்தான் அது இருக்கிறது. கி.மு. 341-இல் மாசிடோனிய அரசன் பிலிப்புக்கு எதிராகப் பேசிய டெமாஸ்தெனிஸ் இன்னும் கூர்மையாகக் குத்துகிறார். இந்த ஊரில் வெளியூராருக்கும் அடிமைக்கும்கூடப் பரேசியாவில் பங்கு கொடுத்திருக்கிறீர்கள், சில ஊர்களில் குடிமக்கள் பேசுவதைவிட இங்கே வீட்டு வேலைக்காரர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள், சபையிலிருந்து மட்டும் அதைத் துரத்திவிட்டீர்கள் என்கிறார்.

இருவரும் குறைசொல்வது சட்டத்தை இல்லை, கேட்கும் கூட்டத்தை. கூச்சலிட்டே பேச்சாளரை இறக்கிவிடும் கூட்டத்தின் முன், மேடை ஏறும் வாய்ப்பு கையில் இருந்தும் பயனில்லை. ஜனநாயகத்தில் பரேசியாவைக் கெடுப்பது கொடுங்கோலன் மட்டுமில்லை, முகத்துதி விரும்பும் மக்களும்தான் என்று கிரேக்கர்கள் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். இன்றைய விவாதங்களில் இந்தப் பகுதியைத்தான் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கதவில்லாத நாக்கு

பரேசியாவை வசைச் சொல்லாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. யூரிப்பிடிஸே 'ஒரெஸ்டிஸ்' நாடகத்தில் சபையைத் தூண்டிவிடும் ஒருவனை 'கதவில்லாத நாக்குக்காரன்' என்றும், அறிவற்ற பரேசியாவை நம்பி இறங்குபவன் என்றும் வர்ணிக்கிறார். பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் ஜனநாயக நகரத்தை, சுதந்திரமும் பரேசியாவும் நிரம்பி அவனவன் விருப்பப்படி வாழும் ஊர் என்கிறார். அது பாராட்டு இல்லை. அதே பிளேட்டோ 'கோர்கியஸ்' உரையாடலில், ஒருவரின் கருத்தை உரசிப் பார்ப்பதற்கு எதிராளியிடம் அறிவு, நல்லெண்ணம், பரேசியா மூன்றும் வேண்டும் என்று சாக்ரட்டீஸைப் பேசவைக்கிறார். கூட்டத்தில் பிடிக்காத அதே குணம், இருவர் பேசும் இடத்தில் தேவையாகிவிடுகிறது.

அரசனின் முன்னால்

சபை இருந்த இடத்தில் அரசன் வந்து உட்கார்ந்ததும் பரேசியாவின் கணக்கு மாறுகிறது. பேசுபவருக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை. அரசன் பொறுத்துக்கொண்டால் உண்டு. ஆகவே இங்கே ஓர் ஒப்பந்தம் தேவைப்படுகிறது: நீ உண்மையைச் சொல், நான் தண்டிக்கமாட்டேன்.

இந்த ஒப்பந்தத்தின் மிகத் தெளிவான காட்சி யூரிப்பிடிஸின் 'பாக்கே' நாடகத்தில் இருக்கிறது. டயோனிசஸ் என்ற தெய்வத்தின் வெறியில் மலையேறிய பெண்கள் செய்வதைப் பார்த்துவிட்டு வரும் மாட்டிடையன், அரசன் பென்தியூஸிடம் முதலில் அனுமதி கேட்கிறான். பரேசியாவோடு சொல்லவா, பேச்சைச் சுருக்கிக்கொள்ளவா? உங்கள் கோபத்துக்குப் பயமாக இருக்கிறது என்கிறான். சொல், உனக்குத் தண்டனை இல்லை என்கிறான் அரசன். இடையன் எல்லாம் சொல்லி, இந்தத் தெய்வத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறான். அரசன் வாக்குத் தவறவில்லை, இடையனைத் தண்டிக்கவில்லை. ஆனால் சொன்னதை ஏற்கவும் இல்லை. கடைசியில் அதே பெண்களின் கையால் சாகிறான். பேச விடுவதும் காதில் வாங்குவதும் வேறு வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய இன்னொரு காட்சி கிரேக்க நாடகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'ஏதென்ஸின் அரசியலமைப்பு' நூலில் இதற்கு எதிர்மாறான ஒரு கதை. கொடுங்கோலன் பைசிஸ்ட்ராட்டஸ் நாட்டுப்புறத்தைச் சுற்றிவரும்போது, ஹைமெட்டஸ் மலைப்பக்கம் வெறும் கல்லாக இருந்த நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்தான். இந்த நிலத்தில் என்ன விளையும் என்று கேட்கச் செய்தான். 'வலியும் வேதனையும்தான். அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பைசிஸ்ட்ராட்டஸ் வாங்கிக்கொள்ளட்டும்' என்று பதில் வந்தது. அவனுடைய பரேசியாவையும் உழைப்பையும் மெச்சி எல்லா வரியிலிருந்தும் விலக்குக் கொடுத்தானாம் அரசன். நல்ல கதைதான். ஆனால் அந்த விவசாயிக்குத் தான் யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பானா என்பதற்குக் கதையில் விடை இல்லை.

தெரிந்தே சொன்னவர்களின் பட்டியலில் பிளேட்டோவும் சினோப் ஊர்த் தத்துவவாதி டயோஜினிஸும் வருகிறார்கள். சிராகியூஸ் கொடுங்கோலன் டயோனிசியஸிடம், நீதிமானின் வாழ்வே இன்பமானது என்று பேசப்போய், பிளேட்டோ ஈஜினா தீவில் அடிமையாக விற்கப்பட்டார் என்பது பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதை. உலகில் மிக அழகானது எது என்று கேட்டபோது 'பரேசியா' என்று டயோஜினிஸ் பதில் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது. வெயிலை மறைக்காமல் தள்ளி நில் என்று அலெக்சாண்டரிடம் சொன்னதும் அவர்தான் என்று பழைய நூல்கள் கூறுகின்றன.

நண்பனின் முன்னால்

நகர அரசுகள் வலுவிழந்து பேரரசுகள் வந்த காலத்தில், சபையில் பேசும் பரேசியாவுக்கு வேலை குறைந்தது. சொல் வீட்டுக்குள் வந்தது. இடித்துரைத்தல் என்று தமிழில் சொல்வோமே, ஏறக்குறைய அந்தப் பொருள்.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த எபிக்யூரியத் தத்துவவாதி பிலோடெமஸ் இதற்கென்றே 'பரேசியாவைப் பற்றி' என்று ஒரு நூல் எழுதினார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியத்தில் கருகிப்போன பாப்பிரஸ் சுருள்களில் அதுவும் ஒன்று. துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கிறது. ஆசிரியர் மாணவரின் தவறை எப்போது, எவ்வளவு கடுமையாகச் சொல்வது என்பது அதன் பேச்சு. முதியவர்களும் புகழ்பெற்றவர்களும் இடித்துரையை ஏன் அதிகம் வெறுக்கிறார்கள் என்று தனியாகவே ஆராய்கிறது.

புளூட்டார்க்கின் கவலை வேறு. நண்பனையும் முகத்துதிக்காரனையும் எப்படிப் பிரித்தறிவது? பரேசியா உள்ளவன் நண்பன் என்று சொல்லிவிடலாம். ஆனால் கெட்டிக்கார முகத்துதிக்காரன் பரேசியாவையே நடிப்பான். பெரிய தவறைக் கண்டுகொள்ளாமல், உடை சரியில்லை, முடி சரியில்லை என்று சின்ன விஷயத்தில் கண்டிப்பான். ரோமாபுரி செனட்டில் பேரரசர் டைபீரியஸ் சீசரின் முன் ஒருவன் எழுந்து, சுதந்திர மனிதர்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று ஆரம்பித்தானாம். எல்லாரும் என்ன வரப்போகிறதோ என்று பார்த்தார்கள். 'உங்கள்மீது எங்களுக்கு ஒரு குறை உண்டு, சீசர். எங்களுக்காக இரவு பகலாக உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்' என்றான். இந்தப் பரேசியா இவனைக் கொன்றுவிடும் என்று காசியஸ் செவரஸ் என்ற பேச்சாளர் கேலி செய்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். இந்த வகை 'தைரியம்' எந்தக் காலத்திலும் குறைவதில்லை.

பலர் முன்னிலையில் கண்டிப்பதையும் அவர் எதிர்க்கிறார். பித்தகோரஸ் ஒரு மாணவனைக் கூட்டத்தில் கடிந்துகொள்ள, அவன் தூக்கிட்டுச் செத்தான், அதன்பிறகு பித்தகோரஸ் யாரையும் பிறர் முன் கண்டித்ததில்லை என்று ஒரு கதையை எடுத்துக்காட்டுகிறார்.

கடவுளின் முன்னால்

புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 30 முறைக்கு மேல் வருகிறது. அங்கேயும் ஒரே பொருள் இல்லை:

1. யோவான் நற்செய்தியில் அது பெரும்பாலும் 'வெளிப்படையாக'. இயேசு உவமையாகப் பேசாமல் நேராகச் சொல்வது. ஒளிவில்லாமல் ஊரறியப் பேசுவது. தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பு 'வெளியரங்கமாய்' என்கிறது.

2. அப்போஸ்தலர் நடபடிகளில் அது 'தைரியம்'. படிப்பறியாத பேதுருவும் யோவானும் யூத ஆலோசனைச் சங்கத்தின் முன் பேசியதைப் பார்த்து அதிகாரிகள் வியக்கிறார்கள். ரோமாபுரியில் பவுல் தடையில்லாமல் போதித்தார் என்று நூல் முடியும் இடத்திலும் இச்சொல்தான்.

3. எபிரெயர் நிருபத்திலும் யோவானின் முதல் நிருபத்திலும் கேட்பவர் கடவுளே. கிருபாசனத்தின் (கடவுளின் அருள் அரியணையின்) அருகே தயங்காமல் போவது, நியாயத்தீர்ப்பு நாளில் கூசாமல் நிற்பது. தமிழில் இங்கும் 'தைரியம்'தான்.

மூன்றாவது பொருள் புதிதுபோலத் தெரிந்தாலும் பழைய ஏதென்ஸ் பொருளுக்கு இதுவே நெருக்கம் என்பது என் கருத்து. பைத்ராவின் பிள்ளைகளுக்கு ஊர்ச் சபையில் வேண்டியிருந்தது இதே கூசாத நிலைதான். பிறப்பால் வந்த தகுதி இங்கே விசுவாசத்தால் வருகிறது, அவ்வளவே.

பிற்காலக் கிறிஸ்தவ உலகில் கடவுளிடம் பரேசியா உள்ள துறவிக்கும் ஆயருக்கும் அரசனிடமும் பரேசியா உண்டு என்ற எண்ணம் வளர்ந்தது. 387-இல் அந்தியோக்கியாவில் வரிக்கலகம் மூண்டு, பேரரசர் தியோடோசியஸின் சிலைகளை மக்கள் கவிழ்த்தபோது, வயதான ஆயர் ஃபிளேவியன் தலைநகர் போய்ப் பேரரசரிடம் பேசி நகரத்துக்கு மன்னிப்பு வாங்கிவந்தார். எகிப்தியப் பாலைவனத் துறவிகளோ இதே சொல்லைப் பாவப் பட்டியலில் வைத்தார்கள். அவர்களுக்குப் பரேசியா என்றால் அளவுக்கு மீறி ஒட்டி உறவாடுவது, கூச்சமில்லாத பேச்சு. அது அனல்காற்று போன்றது, எல்லாரும் விலகி ஓடுவார்கள், மரத்தில் கனியும் மிஞ்சாது என்றார் அவர்களில் ஒருவரான ஆபா (தந்தை) அகத்தோன்.

ஃபூக்கோ செய்தது என்ன?

1983 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஃபூக்கோ ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பாரிஸில் அவருடைய கடைசி வகுப்பும் இதைப் பற்றியதே. 1984 ஜூனில் இறந்துவிட்டார். இன்று இந்தச் சொல் பரவலாகப் புழங்குவதற்கு அவரே முக்கியக் காரணம். அவர் சொல்லும் அடையாளங்கள் ஐந்து:

1. பேசுபவர் தன் மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்கிறார்.
2. சொல்வது உண்மை என்று நம்புகிறார்.
3. சொல்வதால் அவருக்கு ஆபத்து இருக்கிறது.
4. சொல்வது விமர்சனமாக இருக்கிறது; அதுவும் கீழிருந்து மேல்நோக்கி.
5. யாரும் வற்புறுத்தாமல், கடமை என்று நினைத்துச் சொல்கிறார்.

இவற்றைப் பொருத்திப் பார்த்தால் பல விஷயங்கள் விழுந்துவிடும். வகுப்பில் இலக்கணம் நடத்தும் ஆசிரியர் உண்மையைத்தான் சொல்கிறார், ஆனால் ஆபத்து இல்லை. அதிகாரத்தில் இருப்பவர் எளியவரைத் திட்டினால், எவ்வளவு 'வெளிப்படையாக' இருந்தாலும் அது இதில் சேராது. பெயரை மறைத்துக்கொண்டு வசைபாடுபவரும் சேரமாட்டார்.

பயனுள்ள பட்டியல்தான். ஆனால் இதையே கிரேக்கச் சொல்லின் அகராதிப் பொருளாக எடுத்துக்கொள்வது தவறு. அயோனுக்கு வேண்டியிருந்தது ஆபத்து இல்லை, பாதுகாப்பு. எபிரெயர் நிருபத்தில் விமர்சனமே இல்லை. ஃபூக்கோ இந்த வேறுபாடுகளை அறிந்தே ஒரு இழையை மட்டும் உருவி எடுத்தார். அவரை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் அந்த இழையையே முழுத் துணியாக்கிவிடுகிறார்கள்.

இன்றைய வழக்கு ஒன்று

அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை 2013 ஜூனில் வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனைப் பரேசியாவின் எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். முதல் செய்தி வந்த சில நாட்களிலேயே ஹாங்காங்கிலிருந்து தன் முகத்தையும் பெயரையும் அவரே வெளிப்படுத்தினார். ஆபத்து, விமர்சனம், கடமை உணர்வு எல்லாம் பொருந்துகின்றன.

மறுப்பவர்களின் வாதம்: சாக்ரட்டீஸ் சிறையிலிருந்து தப்ப மறுத்தார், இவர் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதானே பேசினார்? இதற்குக் கிரேக்கச் சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த வாதம் ஃபூக்கோவின் மூன்றாவது அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. யூரிப்பிடிஸ் கேட்டிருக்கக்கூடிய கேள்வி வேறு: 2022-இல் ரஷ்யக் குடியுரிமை பெற்று அங்கே வாழ்பவருக்கு, தன்னை ஏற்றுக்கொண்ட நாட்டின் ஆட்சியைப் பற்றிப் பேச எவ்வளவு பரேசியா இருக்கிறது?

கேட்டவர்கள் பக்கம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2015-இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, குடிமக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அரசு மொத்தமாகச் சேகரிப்பதை நிறுத்தியது. 2020-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சேகரிப்பு சட்டத்துக்கு முரணானது என்றது. ஸ்னோடன்மீது 1917-ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ் போட்ட வழக்கை மட்டும் அரசு கைவிடவில்லை. பென்தியூஸ் இடையனைத் தண்டிக்காமல் விட்டான், சொன்னதைக் கேட்கவில்லை. வாஷிங்டன் சொன்னதைக் கேட்டுச் சட்டத்தைத் திருத்திக்கொண்டது, சொன்னவரை விடவில்லை.